மேட்சிங் தேடிப் போனவள்

கல்யாணம் ஆன நாளிலிருந்து கடைத்தெருவில் நான் நின்ற நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சின்ன உத்தியோகமே பார்த்து முடித்திருக்கலாம். என் மனைவி கடைக்குள் போவாள். நான் வெளியே நிற்பேன். மயிலாப்பூர் மாடவீதிகளில் எந்தப் பக்கம் எந்நேரம் நிழல் விழும், பாண்டி பஜாரில் எங்கே வண்டியை நிறுத்தினால் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், அடையாறில் எந்தக் கடை வாசலில் உட்கார ஒரு படி இருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. உள்ளே என்ன விற்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது.

பெரிய துணிக்கடைகளில் மாடி மாடியாக ஏறி இறங்குவது அவளுக்குப் பிடிக்காது. அவள் தேடிப் போவதெல்லாம் வேறு மாதிரிக் கடைகள். பொத்தான் மட்டும் விற்கிற கடை. குக்கரின் வாஷர், விசில், கைப்பிடி மட்டும் விற்கிற கடை. நடனம் ஆடுகிற பெண்களுக்குச் சலங்கையும் நெற்றிச்சுட்டியும் சவுரியும் விற்கிற கடை. அடையாறில் ஒரு பெண்மணி தன் வீட்டுக் கார் ஷெட்டைக் காலி செய்து, தானே சுட்ட பீங்கான் கிண்ணங்களை அடுக்கி வைத்திருந்தார், போர்டுகூடக் கிடையாது. அதையும் இவள் எப்படியோ கண்டுபிடித்திருந்தாள்.

"ஒரே ஒரு சாமான் விக்கிறவங்களுக்குத்தாங்க அதைப் பத்தி நாள் பூரா பேசத் தெரியும்," என்பாள்.

பேச்சுதான் அவளுக்கு முக்கியம். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். மணியார்டர் அனுப்ப வருகிறவர்களின் வீட்டு விவகாரமெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பேச்சைக் கடைகளில் வைத்துக்கொண்டாள்.

போன வருஷம் வெயில் காலத்தில் ஒருநாள் காலை, பால்கனியில் நின்று பூக்காரியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவளின் குரல் எனக்கு விநோதமாகக் கேட்டது. போய்ப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பேசிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அதில் ஒரு வார்த்தைகூட வார்த்தையாக இல்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம். கைக்கும் காலுக்கும் பெரிய பாதிப்பில்லை. ஆடிக்குள் பழையபடி நடக்க ஆரம்பித்துவிட்டாள். பேச்சுதான் வரவில்லை. "புத்தி எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். நாம சொல்றதெல்லாம் புரியும். சொல்ல வேண்டிய வார்த்தைதான் அவங்களுக்குக் கிடைக்க மாட்டேங்குது," என்றார் டாக்டர். காபி கேட்க நினைப்பாள். 'குடை' என்று வரும். வந்த மாத்திரத்தில் அது தப்பென்று அவளுக்கே தெரியும். சட்டென்று வாயைப் பொத்திக்கொள்வாள். அந்தக் கை வாய்க்குப் போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

வாரத்தில் சில நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். எங்கள் மகளைவிடச் சின்னவள். ஆப்பிள், பஸ், கிளி என்று படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். இவள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் கிளிப் படத்தைப் பிடுங்கி சோபாவுக்கு அடியில் எறிந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து அட்டையை எடுத்துக்கொண்டே, "அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் எதாவது சொல்லுங்க சார்," என்றாள்.

"கடை," என்றேன்.

"அப்ப கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து, தெரிஞ்ச கடையா. ஆனா ஒண்ணு. அவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சாலும் நீங்க சொல்லக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் சும்மா நில்லுங்க."

சும்மா நிற்பதில்தான் எனக்குப் பழக்கம் உண்டே என்று நினைத்தேன். அது அவ்வளவு சுலபமாக இல்லை.

முதலில் போனது சலங்கைக் கடைக்கு. மந்தைவெளியில் எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோ வேலைக்கு வைத்திருந்த தகரத் தடுப்பை ஒட்டியே நடந்து, மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போனோம். கடையை நடத்துகிற மாமி இவளைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"வாங்கோ வாங்கோ! எத்தனை மாசமாச்சு! ஆத்துல எல்லாரும் சௌக்கியமா? எங்க காணாமப் போயிட்டேள்?"

இவள் சிரித்தாள். உதடு அசைந்தது. கை மெல்ல மேலே வந்தது. அந்தக் கை வாய்க்குப் போய்விடுமோ என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டேன். "அவளுக்கு ஸ்ட்ரோக் வந்துடுச்சு மாமி. பேச முடியாது. மத்தபடி நல்லா இருக்கா," என்றேன்.

மாமியின் முகம் மாறியது. "அடடா, பாவமே," என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டார். இவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, செருப்பை மாட்டி, தெருவில் இறங்கி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஆட்டோவில் வீடு திரும்பும் வரை என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று சாயங்காலம் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது டம்ளரை வாங்கிக்கொண்டு என் வாயை ஒற்றை விரலால் தொட்டாள். அதற்கு அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களா. முன் அறைகளில் கைத்தறிப் புடவைகள் விற்கிறார்கள். பொட்டிக் என்று சொல்வார்களே, அந்த ரகம். வேப்ப மரம், சிவப்புத் தரை, மூங்கில் கம்பில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் தொங்கும் புடவைகள். வீட்டுக்காரர்கள் எங்கேயோ போயிருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் மட்டும் இருந்தாள்.

"என்ன மேடம் பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

என் மனைவி ஒரு புடவையைக் காட்டி, "புளி," என்றாள். கை வாய்க்குப் போனது.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "மேடத்துக்கு என்ன வேணும் சார்?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. புடவையைத்தான் கேட்கிறாள், அதை எடுத்துக் காட்டு என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? கீழே குனிந்து தரையின் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பதில் சொல்லாததைப் பார்த்து அந்தப் பெண் தானாக ஒரு முடிவுக்கு வந்தாள். மேடத்துக்குக் காது கேட்கவில்லை என்பதுதான் அந்த முடிவு. இவள் காதுக்குப் பக்கத்தில் வந்து, ஒவ்வொரு எழுத்தாக, "எ... ந்... தப் பு... ட... வை... மே... டம்?" என்று உரக்கக் கேட்டாள்.

"கத்தாதே," என்றாள் என் மனைவி.

சுத்தமாக, அழுத்தம் திருத்தமாக வந்தது. தபால் கவுண்டரில் வரிசையை மீறி வருகிறவர்களிடம் பேசுகிற அதே தொனி. அந்தப் பெண் பின்வாங்கி, "சாரி மேடம்," என்றாள். இவள் தன் குரலைத் தானே கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தோம், முடியவில்லை. அந்தப் பெண்ணும் என்ன ஏதென்று தெரியாமலே சேர்ந்துகொண்டாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், மெதுவான குரலில்.

அந்தப் புடவையை வாங்கிக்கொண்டுதான் வந்தோம். அதன் நிறத்தை என்னால் சொல்ல முடியாது. மாதுளை முத்துக்களைச் சாம்பலில் புரட்டி எடுத்தால் ஒருவேளை அப்படி இருக்கலாம். நெய்தவர் தனியாக ரவிக்கைத் துணி விடவில்லை.

அதற்கப்புறம் எங்களுக்குக் கடைகள் ஒரு வேலையாகவே ஆகிவிட்டன. நானும் உள்ளே போக ஆரம்பித்தேன். அடையாறு கார் ஷெட்டில் கிண்ணத்தின் அடியைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். குக்கர் கடையில் வாஷர்கள் மலை போலத் தொங்குவதைப் பார்த்து அசந்து நின்றேன். ஒருநாள் நாட்டு மருந்துக் கடையில், சுவரை அடைத்துக்கொண்டிருந்த டப்பாக்களைப் பார்த்தபடி நின்றவள் மூக்கை உறிஞ்சி, "அதிமதுரம்," என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காபி என்கிற இரண்டெழுத்து வராத வாயில் அதிமதுரம் எப்படி வந்தது? பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் சொன்னபோது அவள் கைதட்டினாள். "வாசனை பிடிச்சு வந்திருக்கும் சார். எந்த வழியா வேணாலும் வரட்டும். வரட்டும்," என்றாள்.

தீபாவளி முடிந்த கையோடு இவள் அந்தக் கோபாலபுரத்துப் புடவையை எடுத்து வைத்துக்கொண்டு, தன் தோளையும் கையையும் தொட்டுக் காட்டினாள். ரவிக்கைக்கு மேட்சிங் வேண்டும். அதற்குத் தி.நகர்தான் போக வேண்டும். பண்டிகைக் கூட்டம் ஓய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு ஒரு மதியம் கிளம்பினோம். கூட்டம் ஓயவில்லை. முகூர்த்தக் கூட்டம் வந்திருந்தது.

உஸ்மான் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அவளுக்குப் பழக்கமான மேட்சிங் கடை இருக்கிறது. ஒரு பாயும் அவர் தம்பியும் நடத்துகிறார்கள். தரையிலிருந்து கூரை வரை ரவிக்கைத் துணி; ஒரு சிவப்பு அடுத்த சிவப்பாக மாறுவது கண்ணுக்குத் தெரியாத மாதிரி அடுக்கியிருப்பார்கள். புடவையைக் கொண்டுபோகாமல், முந்தானையின் உள்மடிப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து வந்திருந்தாள். பாய் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு துணியாக இழுத்துப் பக்கத்தில் வைத்தார். இவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். இல்லை. இல்லை.

அப்போது பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். கடைக்குள் ஃபேன் சத்தமும் பேச்சுச் சத்தமும். பேசிவிட்டு வருகிறேன் என்று இவளிடம் சைகை காட்டிவிட்டு வாசலுக்கு வந்தேன். அங்கும் கேட்கவில்லை. சந்து முனையில் மூடியிருந்த ஒரு ஷட்டருக்கு முன்னால் போய் நின்று பேசினேன். அம்மா புதிதாக என்னென்ன வார்த்தைகள் சொன்னாள் என்று மகள் கேட்க, நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது கடையில் அவள் இல்லை.

"அக்கா இங்கதானே சார் இருந்தாங்க," என்றார் பாயின் தம்பி. பாய், கல்யாணக் கோஷ்டி ஒன்றுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பக்கத்துக் கடை, அடுத்த கடை, எதிரே வளையல் கடை. சந்திலிருந்து சாலைக்கு வந்து நின்றேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் தலைகள். ஊரில் இருக்கிற பெண்கள் எல்லாரும் அந்த மதியம் அங்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அவள் செல்போனுக்குப் போட்டேன். அது என் தோளில் அடித்தது. அவளுடைய பெரிய பை என்னிடம் இருந்தது. எங்கள் பேர், விலாசம், என் நம்பர் எல்லாம் எழுதி, யாரிடமாவது காட்டுவதற்கென்று வைத்திருந்த அட்டையும் அதே பையில் இருந்தது. அவள் கையில் சின்ன பர்ஸ் மட்டும்தான். போன் இல்லை, அட்டை இல்லை. யாராவது 'உங்க பேர் என்னம்மா' என்று கேட்டால் சொல்ல வார்த்தையும் இல்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

சாலை முனையில் ஒரு போலீஸ் பூத் இருந்தது. உள்ளே மைக்குடன் ஒரு பெண் காவலர். விஷயத்தைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, "என்ன கலர் புடவை சார் கட்டியிருக்காங்க?" என்றார்.

காலையில் என் கண்முன்தான் கட்டிக்கொண்டாள். மடிப்பு சரியாக இருக்கிறதா என்று குனிந்து நானே இழுத்துவிட்டேன். "மாம்பழக் கலர்," என்றேன்.

"கண்ணாடி?"

"போட்டிருப்பா. உயரம் என் தோள் வரைக்கும். அவளால பேச முடியாதும்மா."

"பயப்படாதீங்க சார். நீங்க கடைசியாப் பாத்த எடத்துலயே போய் நில்லுங்க. அங்கதான் திரும்பி வருவாங்க." அவர் மைக்கை இயக்கினார். மாம்பழக் கலர் புடவை கட்டிய, கண்ணாடி போட்ட, பேச இயலாத அம்மா யார் கண்ணிலாவது பட்டால் பூத்துக்கு அழைத்து வரும்படி அவர் குரல் சாலை முழுக்கக் கேட்டது. பேச இயலாத அம்மா. வேறு யாரையோ சொல்வது போலிருந்தது.

மறுபடி பாய் கடைக்கு வந்தேன். கல்யாணக் கோஷ்டி போயிருந்தது. பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அக்கா இன்னும் கிடைக்கலியா? ஐயோ, நான் அவங்க உங்களோட போயிருப்பாங்கன்னு நெனச்சிட்டேன் சார். இந்தக் கலர் எங்கிட்ட இல்லக்கான்னு சொன்னேன். வேற எங்கன்னு கையால கேட்டாங்க. பின்னால சந்துல ஒரு கடையைச் சொல்லி அனுப்பினேன். நீங்கதான் வாசல்ல நின்னீங்களே."

நான் வாசலில் நிற்கவில்லை. சந்து முனையில் நின்றிருந்தேன். அவள் வெளியே வந்து என்னைப் பார்த்திருப்பாள். காணவில்லை என்றதும் தன் பாட்டுக்குப் போயிருக்கிறாள்.

"டேய், கடையைப் பாத்துக்க," என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் பாய் செருப்பை மாட்டினார். "வாங்க சார், நானும் வர்றேன்."

பின்சந்துக் கடை அகலம் குறைந்து நீளமாக, ரயில் பெட்டி மாதிரி இருந்தது. உள்ளே லைனிங் துணியும் ஃபால்ஸும் விற்கிற பெண், பாய் கேட்டு முடிப்பதற்குள், "ஆமா, வந்தாங்களே," என்றாள். எனக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது.

"பேசல. ஒரு பிட்டுத் துணியை நீட்டினாங்க. நான் நாலஞ்சு எடுத்துப் போட்டேன். எதுவும் ஒத்துவரல. அப்புறம் அவங்களே கடைக்குள்ள வந்து தேடி, வெள்ளைத் துணியைக் கிழிக்கச் சொல்லிக் கையைக் காட்டினாங்க. ஒரு மீட்டர் வாங்கிட்டுப் போனாங்க."

"எந்தப் பக்கம் போனா?"

"பாக்கலியே சார்."

வெள்ளையா? அந்தப் புடவைக்கு வெள்ளை ரவிக்கையா? மறுபடி ஏதோ குழம்பிவிட்டாள் என்று நினைத்தேன். இதுவரை தேறி வந்ததெல்லாம் போயிற்று என்றுகூட நினைத்தேன். பாய் என் முழங்கையைப் பிடித்தார். அவர் முகம் தெளிந்திருந்தது.

"சார், வெள்ளை வாங்கியிருக்காங்கன்னா டையிங்குக்குத்தான் போயிருப்பாங்க. கலர் கிடைக்கலன்னா சாயம் போட்டுக்கறதுதானே? வாங்க, வாங்க."

மாடிப்படிக்கு அடியில் இருந்தது அந்த டையிங் கடை. ஸ்டவ் மேல் அலுமினியக் குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் எல்லா நிறத்திலும் தெறிப்பு. சாயம் போடுகிறவர் நீளமான குச்சியால் குண்டானைக் கிளறிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், பர்ஸை மடியில் வைத்துக்கொண்டு, என் மனைவி உட்கார்ந்திருந்தாள். புடவைத் துண்டை விரல்களுக்கிடையில் பிடித்துக் குண்டானை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றாள் அவரிடம். "இன்னும்... இன்னும்... செவப்பு."

"எம்மாஞ் செவப்பும்மா போடறது? போட்டுக்கினேதான் கீறேன்," என்றார் அவர்.

"கொஞ்சம்."

நான் அவள் பெயரைச் சொன்னேன். சொன்னேனா, வெறும் சத்தம்தான் வந்ததா, தெரியாது. அவள் திரும்பினாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். புருவத்தை நெரித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்:

"எங்க... போயிட்டீங்க... நீங்க?"

தொலைந்து போனது நான்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பெரிய மனுஷனாக அடக்கவெல்லாம் முடியவில்லை.

"சாருக்கு இன்னா ஆச்சு? மயக்கம் கியக்கமா?" என்று சாயக்காரர் குச்சியை விட்டுவிட்டு எழுந்தார்.

"தண்ணி," என்றாள் இவள். "தண்ணி குடுங்க."

அவர் ஒரு பாட்டிலை நீட்டினார். அதன் மேலும் கத்தரிப்பூ நிறக் கைரேகைகள். நான் மடமடவென்று குடித்தேன். பாய் சுவரில் சாய்ந்து நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பிறகு சிரித்தார். "அக்கா, நீங்க இங்க சாயம் போட்டுட்டு இருக்கீங்க, அங்க சார் முகத்துல இருந்த சாயமே போயிடுச்சு."

இவள் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். என் சட்டைக் காலரை நேராக்கினாள். மறுபடி குண்டானைப் பார்த்தாள். துணி வெளியே வரும்வரை அவள் நகர மாட்டாள் என்று தெரிந்தது. எனக்கும் நகரத் தோன்றவில்லை. அந்தச் சாய வாசனையும் ஸ்டவ்வின் புகையும், அவள் தோள் என் தோளில் இடிக்க உட்கார்ந்திருந்ததும் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தூரத்தில் மைக் மறுபடி ஒலித்தது. "மாம்பழக் கலர் புடவை கட்டிய, கண்ணாடி போட்ட, பேச இயலாத அம்மா..."

இவள் தலையை நிமிர்த்திக் கேட்டாள். மார்பைத் தொட்டு, "நானா?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

அவள் குனிந்து தன் புடவையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெளிர் நீலம். மெல்லிய சாம்பல் கரை. மாம்பழத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் என் கண்ணாடியை ஒரு விரலால் மூக்கின் மேல் தள்ளிவிட்டு, "குருடு," என்றாள்.

சாயக்காரர் சிரித்த சிரிப்பில் குச்சி குண்டானுக்குள் விழுந்துவிட்டது.

பாய் கடையைப் பார்க்கக் கிளம்பினார். போகும்போது தானே பூத்தில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஆனாலும், துணி தயாரானதும் நாங்கள் இருவரும் பூத்துக்குப் போனோம். அந்தப் பெண் காவலர் இவள் புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவள் கையைப் பிடித்து, "இனிமே சாரைத் தனியா விடாதீங்கம்மா," என்றார். இவள் பெரிதாகத் தலையாட்டினாள்.

என் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கடையிலிருந்து ஓடும்போது மகளுக்கு ஒரே வரி அனுப்பியிருந்தேன், அம்மாவைக் காணோம் என்று. அதோடு விட்டுவிட்டேன். பாவம், அவள் எத்தனை முறை கூப்பிட்டிருந்தாளோ. பட்டனை அழுத்தினதுமே அழுகைக் குரல். "அப்பா! என்னப்பா ஆச்சு? அம்மா எங்கப்பா?"

நான் பேசுவதற்குள் இவள் போனை வாங்கிக்கொண்டாள். காதில் வைத்தாள். மகள் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். இவள் அவள் முடிக்கும்வரை காத்திருந்தாள். வாய் ஒருமுறை தப்பாகக் குவிந்தது; நிறுத்தி, மூச்சை இழுத்து, திரும்ப ஆரம்பித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

"அப்பா... தொலஞ்சிட்டார்," என்றாள். "கெடச்சிட்டார்."

அந்தப் பக்கத்தில் மகள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குப் புரியவில்லை. "சரிம்மா, சரிம்மா, சரிம்மா," என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

பசித்தது. பனகல் பார்க் பக்கமாக நடந்து, ஒரு சின்ன ஓட்டலில் ஆளுக்கு ஒரு ரவா தோசை சாப்பிட்டோம். ஆட்டோவில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஈரத் துணியைப் போட்டிருந்த பிளாஸ்டிக் கவரில் எங்கேயோ ஓட்டை. சொட்டுச் சொட்டாக என் வெள்ளை வேட்டியில் ஒழுகி, தொடையில் ஒரு பெரிய வட்டம் படிந்துவிட்டது. மாதுளையும் சாம்பலும் கலந்த, பெயரில்லாத அந்த நிறம். மிகச் சரியாக வந்திருந்தது. சாதாரணமாக இதற்குள் நான் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஊரைக் கூட்டியிருப்பேன். அன்று எதுவும் தோன்றவில்லை. அவள் என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். மழை உள்ளே அடிக்காமல் இருக்க, அவள் பக்கத்துப் படுதாவை இறக்கி விடச் சொன்னேன். டிரைவர் இறக்கிவிட்டார். ஆழ்வார்பேட்டை மேம்பாலம் தாண்டும் வரை மழை விடவில்லை.